‘சில வரிகளில்’ ஒரு சாம்பியன்

சென்னையில் கிரிக்கெட் ரசிகனாகப் பிறந்தவன் கொடுத்துவைத்தவன். மேட்சைப் பார்க்காவிட்டாலும் அவனுக்குக் குடி முழுகிவிடாது. எந்தப் பந்தை யார் எந்தத் திசையில் விரட்டினார், கேலரியில் எந்த நடிகை விசிலடித்தார் என்பது வரை மறுநாள் பேப்பரில் வந்துவிடும். புட்பால் ரசிகனுக்கு அந்த யோகம் கிடையாது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்து, காலையில் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து பிரித்தால், பள்ளிகளுக்கு இடையிலான கேரம் போட்டிக்குக் கீழே, ‘சில வரிகளில்’ என்ற பெட்டிக்குள் நம்ம டீம் காலை மடக்கிப் படுத்திருக்கும்.

அந்தச் செய்தியை நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ‘ஆரம்பம் முதலே விறுவிறுப்பாக நடந்த இந்த ஆட்டத்தில் இரு அணி வீரர்களும் கோல் அடிக்க மேற்கொண்ட முயற்சிகள் பலன் அளிக்கவில்லை. முடிவில் ஆட்டம் கோலின்றி டிரா ஆனது.’ விறுவிறுப்பா? நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். முதல் பாதியில் விறுவிறுப்பாக இயங்கியவர் சமோசா விற்றவர் ஒருவர்தான். நாலே வரி என்பதில் எனக்குப் புகார் இல்லை. குறளும் இரண்டு வரிதான். ஆனால் வள்ளுவர் எழுதியிருந்தால் கோல் போட்டவன் பெயர் விட்டுப்போயிருக்காது.

2014-இல் ஐ.எஸ்.எல். புட்பால் லீக் தொடங்கியபோது படமெல்லாம் போட்டார்கள். படத்தில் அபிஷேக் பச்சன் இருப்பார். நம்ம டீமான சென்னையின் எஃப்.சி.யின் முதலாளிகளில் ஒருவர், இருக்கவேண்டியதுதான். ஆனால் எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் என்னிடம், “அமிதாப் பையன் நல்லா ஆடறாராமே சார்” என்றார். தோனிக்கும் டீமில் பங்கு உண்டு என்று விளக்கினேன். “அப்ப அவர் கீப்பரா?” என்றார். தோனி பள்ளிக்கூட நாளில் கோல்கீப்பராக நின்றவர் என்பதால், அன்றைய பேப்பரில் இருந்த தகவலைவிட இவருடைய கேள்வியில் விஷயம் அதிகம்.

இன்னொரு வில்லன் கடிகாரம். ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். தூரத்து ஊர்களுக்குப் போகும் பதிப்பின் பக்கங்களை அதற்குள் முடித்தாகவேண்டும், வேன் காத்திருக்காது. என் மாமா ஒருவர் தென்காசிப் பக்கம் இருக்கிறார். அவர் கைக்கு வந்த பேப்பரில், ‘இச்செய்தி அச்சுக்குப் போகும்வரை இரு அணிகளும் 1-1 என்ற நிலையில் இருந்தன’ என்று போட்டிருந்தது. மறுநாள் அது பழைய செய்தி, ஆகவே வரவில்லை. மாமாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. அவரைப் பொறுத்தவரை அந்த ஆட்டம் இன்னமும் 1-1-இல்தான் நடந்துகொண்டிருக்கிறது.

2015-ஐ நான் மன்னித்துவிட்டேன். ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது புட்பாலுக்கு எங்கே இடம்? நம் சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரையிறுதியையே புனேவுக்குத் தூக்கிப்போனார்கள். ஆனாலும் டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் நடந்த ஃபைனலை நினைத்தால் வயிறு எரிகிறது. 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னால் போகிறது. எதிரே ஜிகோ பயிற்சி கொடுத்த டீம், அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். கதை முடிந்தது என்று நான் டி.வி.யை அணைக்க ரிமோட்டைத் தேடுகிறேன். 90-ஆவது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் தள்ளிவிடுகிறார். மூச்சு விடுவதற்குள் மெண்டோசா அடித்த பந்து உள்ளே. 3-2, கோப்பை சென்னைக்கு. அந்த ஐந்து நிமிஷத்தை வைத்து ஒரு தொடர்கதையே எழுதலாம். எங்கள் வீட்டு நாளிதழ் அதை ‘பரபரப்பான’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது.

2018-இல் விடக்கூடாது என்று இருந்தேன். மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். லீகில் முதலிடம் பிடித்த பெங்களூரு, தன் சொந்த மைதானத்தில். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அப்புறம் மைல்சன் ஆல்வ்ஸ் என்ற பிரேசில்காரர் கார்னரில் வந்த பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல், அகஸ்டோ ஒன்று. மறுபடி 3-2, இரண்டாவது கோப்பை. ராத்திரி லேட்டாக முடிந்த மேட்ச், ஞாயிறு பேப்பரில் சுருக்கமாகத்தான் வரும், சரி. திங்களன்று விரிவாகப் போடுவார்கள். டீமில் இருந்த தனபால் கணேஷின் வியாசர்பாடித் தெருவுக்கு நிருபர் போவார், அவர் வீட்டில் பேட்டி எடுப்பார் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினேன்.

ஞாயிறு ராத்திரி கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான கிரிக்கெட் ஃபைனல். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். தினேஷ் கார்த்திக் சிக்ஸர் அடித்தார்.

அத்தோடு தீர்ந்தது. திங்கள்கிழமை பேப்பரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கார்த்திக். எட்டுப் பந்தில் 29 ரன்; பந்துக்கு ஒரு பத்தி வீதம் எழுதியிருந்தார்கள். அவரும் சென்னைக்காரர், யாரைக் குறை சொல்ல? அந்தச் சிக்ஸருக்கு நானும்தான் சோபாவிலிருந்து எகிறிக் குதித்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடக்க, இந்த ஞாயிறுதானா கிடைத்தது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த சீசன் இன்னும் கூத்து. நடப்புச் சாம்பியன் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம். அதே சீசனில் இன்னொரு லீகான ஐ-லீகில் சென்னை சிட்டி எஃப்.சி. சாம்பியன்! பெயர்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி 21 கோல் போட்டுத் தள்ளினார். 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டத்தில் முதலில் கோல் வாங்கிவிட்டு, பிறகு மினர்வா பஞ்சாபை 3-1 என்று புரட்டி எடுத்தார்கள். ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. இதை யார் எழுதுவது? கோவைக்காரர்களுக்கு அது சென்னை டீம், சென்னைக்காரர்களுக்கு அது கோவைச் செய்தி. நடுவில் விழுப்புரம் பதிப்பிலாவது வந்ததா என்று விசாரிக்க எனக்கு அங்கே சொந்தக்காரர் இல்லை. இஸ்திரிக்காரர் மட்டும் குழம்பிப்போய்க் கேட்டார்: “ஏன் சார், நம்ம சென்னை ஜெயிச்சுதா, கடைசியா வந்துதா?” இரண்டும்தான் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் புட்பால் பேச்சையே எடுப்பதில்லை.

இத்தனைக்கும் எங்கள் பேப்பருக்குப் புட்பால் பிடிக்காது என்று சொல்லமுடியாது. 2022 உலகக் கோப்பை சமயத்தில் கேரளத்தில், கோழிக்கோடு பக்கம் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்அவுட் வைத்தார்களே, அதை வண்ணப்படமாகப் போட்டார்கள். ஆக, இடம் இருக்கிறது. நாங்களும் கூவத்துக்குள் கட்அவுட் வைத்தால் கவனிப்பார்களோ என்னவோ.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பத்திரிகை ஆபீசுக்கே போன் போட்டேன். விளையாட்டுப் பிரிவில் ஒரு தம்பி எடுத்தார். நான் கொட்டித் தீர்த்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“சார், நானும் புட்பால் ஃபேன்தான். ஆனா மேலிடத்துல என்ன கேக்கறாங்க தெரியுமா? ‘யாராவது போன் பண்ணாங்களா’ன்னு. சுடோகு விடை தப்பா வந்தா காலையில ஏழு மணிலேர்ந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கு சார். புட்பால் நியூஸ் வரலேன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.”

அவ்வளவுதானே? அடுத்த மேட்சில் இடைவேளையின்போது ஸ்டாண்டில் என் வரிசைப் பையன்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். கையில் டிரம், முகத்தில் நீலச் சாயம், ரத்தம் கொதித்துப்போனார்கள். நாளைக் காலையே அத்தனை பேரும் போன் போட்டு லைனை அடைத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று.

“நம்பர் எங்கண்ணே கிடைக்கும்?” என்றான் டிரம்காரப் பையன்.

“பேப்பர்லயே போட்டிருக்கும்டா.”

“அதை எங்க வீட்ல வாங்கறதில்லையேண்ணே” என்றான். பக்கத்தில் இருந்தவன் வீட்டிலும் வாங்குவதில்லையாம். அதற்குப் பக்கத்தில் இருந்தவன், கேள்வி தன்னிடம் வருவதற்குள், சமோசா வாங்க எழுந்து போய்விட்டான்.