நீல நம்பர் பிளேட்டின் எல்லை எதுவரை?

கோடம்பாக்கம் வாசகர்: ஜெமினி மேம்பாலம் பக்கம் போகும்போது சில கார்களில் நீல நம்பர் பிளேட் தெரிகிறது. 'டி.என்.' என்ற எழுத்தையே காணோம். அது எந்த ஊர்ப் பதிவு?

எந்த ஊர்ப் பதிவும் இல்லை. இளநீலப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் வெளிநாட்டுத் தூதரக வண்டி. ஜெமினியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருப்பதால் அங்கே அதிகம் கண்ணில் படுகிறது. அடுத்த முறை பார்க்கும்போது எண்ணை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். முதல் எண் எந்த நாடு என்பதற்கான குறியீடு. நடுவில் இரண்டு எழுத்து: சி.டி. என்றால் தூதரகம், சி.சி. என்றால் துணைத் தூதரகம், யு.என். என்றால் ஐ.நா. கடைசி எண் அந்த வண்டிக்கு உரியது. தூதரகங்கள் டெல்லியில் இருக்கின்றன, சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள். அதனால் இங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் சி.சி.தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இந்த வண்டிகளுக்கென்றே தனிப் பதிவு முறை வைத்திருக்கிறது.

திருச்சி வாசகி: சி.டி.யோ சி.சி.யோ, சலுகை ஒன்றுதானே?

ஒன்று இல்லை. அந்த ஓர் எழுத்துக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தம் 1961இல் வந்தது. துணைத் தூதரக உறவுகளுக்கான ஒப்பந்தம் 1963இல். முதலாவதன்படி தூதரக அதிகாரியைக் கைது செய்யவே முடியாது, குற்ற வழக்கும் போட முடியாது. இரண்டாவதில் விலக்கு, அலுவல் காரியங்களுக்கு மட்டும். கடுமையான குற்றம் என்றால் நீதிமன்ற உத்தரவோடு துணைத் தூதரக அதிகாரியைக் கைது செய்யலாம்.

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைதான விவகாரம் நினைவிருக்கும். அமெரிக்கா பிடித்துக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான். பதிலுக்கு டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த தடுப்புகளை இந்தியா அகற்றியது. தூதரகக் கார்கள் சாலை விதியை மீறினால் அபராதம் விதிக்கப்படும் என்று 2014 ஜனவரியில் அறிவித்தது. கோப்ரகடேயை ஐ.நா.வுக்கான நம் தூதுக்குழுவுக்கு மாற்றியதும் முழு விலக்கு கிடைத்தது, அவர் நாடு திரும்பினார்.

சாலையில் நடக்கிற நமக்கு முக்கியமானது வேறு ஒன்று. வாகன விபத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு மூன்றாம் நபர் தொடுக்கும் சிவில் வழக்கில், துணைத் தூதரக அதிகாரிக்கு விலக்கே கிடையாது என்று 1963 ஒப்பந்தத்தின் 43ஆவது விதி சொல்கிறது. வண்டிக்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்பதை 56ஆவது விதி கடமையாகவே வைத்திருக்கிறது. 1961 ஒப்பந்தத்தில் இந்த இரண்டுமே இல்லை. எழுதியவர்கள் இரண்டாவது முறை உட்கார்ந்தபோது அடிபட்டவனையும் நினைத்திருக்கிறார்கள். முதல் ஒப்பந்தத்திலேயே நினைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேலம் வாசகர்: டிராபிக் போலீஸ் இந்தக் காரை நிறுத்தலாமா?

நிறுத்தலாம். விதியை மீறினால் சொல்லலாம், சீட்டும் எழுதலாம். சி.டி. வண்டியில் ஆளைக் கைது செய்வது, வண்டியைச் சோதனை போடுவது, வண்டியைப் பறிமுதல் செய்வது, இவைதான் கூடாது. சலுகை பெற்றவர்கள் எல்லாரும் அந்த நாட்டுச் சட்டத்தை மதித்தே ஆக வேண்டும் என்று அதே 1961 ஒப்பந்தத்தின் 41ஆவது விதி கட்டளையிடுகிறது. விலக்கு வழக்கிலிருந்துதான், சட்டத்திலிருந்து இல்லை.

குடித்திருக்கும் அதிகாரியை ஊதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த நிலையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க விடாமல் தடுத்து, தூதரகத்துக்குப் போன் போட்டு, வேறு வண்டியில் அனுப்பிவைப்பதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை. சாலையில் போகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் காவலர் தயங்கவே கூடாது.

பாளையங்கோட்டை வாசகர்: டிரைவர் நம்ம ஊர்க்காரர் என்றால் அவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா?

நல்ல கேள்வி. பலருக்கும், சில டிரைவர்களுக்குமே, இது தெரியாது. உள்ளூர்க் குடிமகனாக இருக்கும் ஊழியருக்கு உள்ளூர் அரசு எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் சலுகை. ஒப்பந்தம் தானாக எதையும் கொடுக்கவில்லை. பாதுகாப்பு காருக்கும் தூதரகப் பணிக்கும். காக்கிச் சட்டை போட்டு ஓட்டுகிற நம்மவர் சிக்னலைத் தாண்டினால், விபத்து செய்தால், அவர் மேல் வழக்கு வரலாம். பின்சீட்டில் இருப்பவர் "சீக்கிரம் போ" என்று அவசரப்படுத்தினாலும் பொறுப்பு டிரைவர் தலையில்தான் விடியும். இந்த வேலையில் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

தஞ்சாவூர் வாசகி: கொடி கட்டிய கார் எல்லாமே தூதருடையதா?

இல்லை. கார் முன்னால் கொடி பறக்கவிடும் உரிமை தூதரகத் தலைவருக்கும், அலுவல் பயணத்தின்போது துணைத் தூதரகத் தலைவருக்கும் உண்டு. மற்ற அதிகாரிகளுக்கு நம்பர் பிளேட்டோடு சரி.

கோவை வாசகர்: சுங்க வரி, சாலைக் கட்டணம் எதுவுமே கட்ட வேண்டாமாமே?

சுங்க வரி வேண்டாம். 1961 ஒப்பந்தத்தின் 36ஆவது விதி, தூதரகத்தின் அலுவல் தேவைக்கும் அதிகாரியின் சொந்த உபயோகத்துக்கும் வரும் பொருளுக்கு விலக்கு தருகிறது. காரும் அதில் அடக்கம். ஆனால் 34ஆவது விதியில் ஒரு கறாரான வாசகம் இருக்கிறது: குறிப்பிட்ட சேவைக்காக வாங்கும் கட்டணத்துக்கு விலக்கு இல்லை. வரியா, கட்டணமா என்று லண்டனில் இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கும் சண்டை இதை வைத்துத்தான்.

2003 பிப்ரவரியில் லண்டன் மாநகரம் நெரிசல் கட்டணம் கொண்டுவந்தது. நகர மையத்துக்குள் கார் நுழைந்தால் ஒரு நாளைக்கு அப்போது 5 பவுண்டு. இது சேவைக் கட்டணம், எல்லாரும் கட்ட வேண்டும் என்கிறது மாநகரம். இது வரி, எங்களைக் கேட்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தூதரகம். 2005இலிருந்து அது கட்டுவதில்லை. இன்னும் பல தூதரகங்களும் கட்டுவதில்லை. 2023 முடிய சேர்ந்த மொத்தப் பாக்கி 14 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டதாக லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பட்டியல் வெளியிட்டது. அமெரிக்கா 1 கோடியே 46 லட்சம் பவுண்டு. அடுத்து ஜப்பான். மூன்றாவது இடத்தில் இந்தியா, சுமார் 86 லட்சம் பவுண்டு.

கோவை வாசகரே மீண்டும்: இந்தியா கட்ட வேண்டும் என்கிறீர்களா?

கட்ட வேண்டும். காற்று கெடாமல், தெரு அடைபடாமல் இருக்க ஒரு நகரம் கேட்கிற பணம் அது. அந்தத் தெருவில் நம் காரும் ஓடுகிறது. அங்கே வாழும் ஒரு நர்ஸ் கட்டுகிற காசை நம் தூதர் கட்ட மறுப்பதற்கு, ஒப்பந்தத்தில் வாதம் இருக்கலாம், நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மதுரை வாசகர்: அபராதம் வசூலிக்க முடியாது என்றால் எல்லாரும் விதியை மீறத்தானே செய்வார்கள்?

இல்லை. அதை நியூயார்க் நிரூபித்திருக்கிறது. ஐ.நா. தலைமையகம் அங்கே இருப்பதால் உலகத்தின் அத்தனை நாட்டு அதிகாரிகளும் ஒரே ஊரில் கார் நிறுத்துகிறார்கள். 1997 நவம்பர் முதல் 2002 வரை அவர்கள் கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நாடு நாடாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள். குவைத் அதிகாரி ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 240க்கும் மேல். நார்வே, ஸ்வீடன், ஜப்பான், கனடா, பிரிட்டன் அதிகாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை.

தெரு அதே தெரு, விலக்கு அதே விலக்கு. நிரபராதியாக வெளியே வந்தவர்கள் பயத்தால் வரவில்லை, சொந்த ஊரில் பழகிய பழக்கத்தால் வந்தார்கள்.

இரண்டாவது பாதிதான் எனக்கு இன்னும் பிடித்தது. 2002 இறுதியில் சட்டம் மாறியது. மூன்று சீட்டுக்கு மேல் பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டையே பிடுங்கிக்கொள்ளலாம், அபராதத்தின் 110 சதவீதத்தை அந்த நாட்டுக்குப் போகும் அமெரிக்க உதவித்தொகையில் கழித்துக்கொள்ளலாம். யாரையும் கைது செய்யவில்லை, ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூட மீறவில்லை. விதிமீறல் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தது! நம்பர் பிளேட்டைக் கொடுப்பது உள்ளூர் அரசு. திரும்ப வாங்கிக்கொள்ளும் கையும் அதுதான்.

விழுப்புரம் வாசகி: உயிரே போனாலும் தப்பிவிடலாமா? இதைக் கேட்கும்போதே கோபம் வருகிறது.

எனக்கும் வருகிறது. இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

1997 ஜனவரி, வாஷிங்டனில் டூபான்ட் சர்க்கிள். ஜார்ஜியா நாட்டுத் தூதரகத்தில் தூதருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி குடித்துவிட்டுக் காரை அசுர வேகத்தில் ஓட்டி விபத்து ஏற்படுத்தினார். 16 வயதுச் சிறுமி இறந்தாள். முழு விலக்கு உள்ளவர், அடுத்த விமானத்தில் ஊருக்குப் போயிருக்கலாம். ஜார்ஜிய அதிபர் ஷெவர்ட்நாட்ஸே விலக்கைக் கைவிட்டார். அந்த அதிகாரி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 7 முதல் 21 ஆண்டு வரை சிறைத் தண்டனை பெற்றார்.

2019 ஆகஸ்ட் 27, இங்கிலாந்தில் கிராட்டன் விமானப்படைத் தளத்துக்கு வெளியே. அங்கே பணியிலிருந்த அமெரிக்க ஊழியர் ஒருவரின் மனைவி சாலையின் தவறான பக்கத்தில் கார் ஓட்டினார். எதிரே பைக்கில் வந்த 19 வயது இளைஞர் இறந்தார். விலக்கைச் சொல்லி அந்தப் பெண்மணி சில வாரங்களில் அமெரிக்கா போய்விட்டார். திருப்பி அனுப்ப அமெரிக்கா மறுத்தது. மகனைப் பறிகொடுத்த பெற்றோர் மூன்று வருஷம் விடாமல் போராடினார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் வீடியோ வழியாக வழக்கு முடிந்து, எட்டு மாதச் சிறைத் தண்டனை வந்தது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் தள ஊழியர்களின் குடும்பத்தாருக்கு இருந்த ஓட்டையை மட்டும் 2020இலேயே இரண்டு அரசுகளும் அடைத்துவிட்டன. அடைத்தது அந்தப் பெற்றோரின் உழைப்பு.

விலக்கு அந்த ஆளின் சொத்து இல்லை, அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. 1961 ஒப்பந்தத்தின் 32ஆவது விதிப்படி அந்த நாடு வெளிப்படையாகக் கைவிட்டால் அந்த நிமிஷமே போய்விடும். ஏழை நாடான ஜார்ஜியாவால் முடிந்தது அமெரிக்காவால் முடியவில்லை என்பது அமெரிக்காவுக்குத்தான் குறைவு.

ஈரோடு வாசகர்: அப்படியானால் இந்த விலக்கையே ஒழித்துவிட்டால் என்ன?

ஒழித்தால் முதலில் அடிபடப்போவது நம் ஆட்கள். பகை நாட்டில் இருக்கும் நம் அதிகாரியின் காரை நிறுத்தி, சோதனை என்ற பெயரில் அவர்களே எதையாவது உள்ளே வைத்து எடுப்பதற்கு எத்தனை நேரம் ஆகும்? அந்த நீலப் பலகை ஏற்கெனவே ஆபத்தையும் கூடவே சுமக்கிறது. 2012 பிப்ரவரி 13 அன்று டெல்லியில், பள்ளியிலிருந்து குழந்தைகளை அழைத்துவரப் போய்க்கொண்டிருந்த இஸ்ரேலிய அதிகாரியின் மனைவி இருந்த காரில், பைக்கில் வந்தவன் காந்த வெடிகுண்டை ஒட்டிவிட்டுப் போனான். அவர் காயத்தோடு உயிர் பிழைத்தார். விலக்கு இருக்கட்டும். அதோடு கட்டாயக் காப்பீடும் இருக்கட்டும். 1978இலேயே அமெரிக்கா அப்படிச் சட்டம் போட்டது: தூதரக வண்டிக்குக் காப்பீடு வேண்டும், அடிபட்டவர் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் நேரடியாக வழக்குப் போடலாம்.

புதுச்சேரி வாசகி: கோபப்பட வைத்தது போதும். மனசுக்குப் பிடித்த தூதரக வண்டி ஒன்று சொல்லுங்களேன்.

மெக்ஸிகோ தூதராக டெல்லியில் இருந்த மெல்பா ப்ரியாவின் வண்டி. ஆட்டோ! உடம்பெல்லாம் பூ வரைந்த வெள்ளை ஆட்டோ. அதில் தூதரக நம்பர் பிளேட். கூட்டங்களுக்கு அதிலேயே போய் இறங்குவார். டெல்லியின் காற்றையும் நெரிசலையும் நினைத்து அவர் எடுத்த முடிவு அது.

ஆவடி வாசகர்: தூதரகக் கார் ஒன்று பழைய விலைக்கு வருகிறது. வாங்கினால் நீலப் பலகையை வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. அதிகாரியின் கையைவிட்டு வண்டி போனதும் அந்தப் பதிவுச் சான்று செல்லாது என்று 42ஆம் பிரிவே சொல்கிறது. வழக்கம்போல ஆர்.டி.ஓ. ஆபீசில் புதிதாகப் பதிய வேண்டும். வரியில்லாமல் வந்த காராக இருந்தால் சுங்க வரியும் சேரும். விலையைப் பேசும் முன் அதைக் கணக்குப் போடுங்கள்.

வேலூர் வாசகர்: நாளைக்கே என்னை இப்படி ஒரு கார் இடித்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆஸ்பத்திரி. முடிந்தால் எண்ணை மூன்று பகுதியோடும் போட்டோ எடுங்கள், நடு எழுத்து சி.டி.யா சி.சி.யா என்பது தெளிவாகத் தெரியட்டும். ஓட்டியவர் அதிகாரியா, சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவரா என்று சாட்சிகளிடம் கேட்டு எழுதிவையுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். "தூதரக வண்டி, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஸ்டேஷனில் சொன்னால் ஏற்காதீர்கள். புகாரைப் பதிவு செய்வதை எந்த விலக்கும் தடுக்கவில்லை. இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடும்போது காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தூதர் மேலோ தூதரக அதிகாரி மேலோ சிவில் நீதிமன்றத்தில் வழக்கென்றால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் நெறிமுறைப் பிரிவுக்கும் புகாரின் நகலோடு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். தூதரகத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.