துகளதிகாரம்: ‘டஸ்ட்’ என்னும் சொல் குறித்த ஓர் ஆய்வு

தமிழர் நாவில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘டஸ்ட்’ அளவுக்கு உழைத்ததும் அதன் அளவுக்கு மதிக்கப்படாததும் வேறொன்று இல்லை. காலையில் டீக்கடையில் அதைக் குடிக்கிறோம். வகுப்பறையில் டஸ்டரால் அதைத் துடைக்கிறோம். வீடு கட்டும்போது லோடு கணக்கில் அதை இறக்குகிறோம். மாலையில் அதுவே அலர்ஜி என்று மாத்திரை போட்டுக்கொள்கிறோம். உணவாகவும் நோயாகவும் கட்டுமானப் பொருளாகவும் ஒரே நாளில் மூன்று வேடம் போடும் சொல்லை ஆராயாமல் விடுவது தகாது. இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே: நுண்துகளுக்கு உரிமையாளர் இருந்தால் அது பவுடர், இல்லாவிட்டால் டஸ்ட். முகத்தில் இருக்கும்வரை பவுடர். அதுவே கண்ணாடி மேசைமேல் உதிர்ந்தால் டஸ்ட். ஆய்வு மரபுப்படி இதை முன்னுரையில் இப்போது சொல்லியாயிற்று. இடையில் மறுபடியும் சொல்லி, முடிவுரையில் புதிதாகக் கண்டுபிடித்ததாக அறிவிப்போம்.

எந்த ஆய்வும் தொல்காப்பியத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆய்வுப் பொருள் செல்போன் கோபுரமாக இருந்தாலும் விலக்கு இல்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களை நான்காக வகுத்தார் தொல்காப்பியர். டஸ்ட் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் திசைச்சொல் எனலாம். வாடை வீசும் மாதங்களில் மட்டும் வடசொல். மேற்கோள் காட்டும் முறையையும் அவரிடமிருந்தே பெறுகிறோம். ‘என்மனார் புலவர்’ என்று சொல்லி, எந்தப் புலவர், எந்த நூல், எத்தனையாம் பக்கம் என்று எதையும் காட்டாமல் நகர்ந்துவிடும் வசதி உலகின் வேறெந்த அடிக்குறிப்பு முறையிலும் இல்லை. இனி அவ்வாறே செய்வோம்.

சொற்பிறப்பு பற்றி இரு கொள்கைகள் உள. பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் ‘டூஸ்ட்’ என வழங்கியது, ஜெர்மன் மொழியில் ஆவியைக் குறிக்கும் ‘டுன்ஸ்ட்’ அதன் உறவு என்பது மேலைநாட்டு அகராதிகளின் முடிவு. அது சான்றுகளை மட்டுமே நம்புவதால் வலுவற்றது. நம்மவர் கொள்கையோ உணர்ச்சியையும் துணைக்கொள்வது: தூசு, தூஸ்து, டூஸ்ட், டஸ்ட். நடுவிலுள்ள ‘தூஸ்து’ எங்கும் பதிவாகவில்லையே எனில், பதிவான ஓலையைச் செல் அரித்துவிட்டது; செல் அரித்த ஓலை தூசாயிற்று; ஆகவே சான்று தூசு வடிவிலேயே கிடைக்கிறது. மேலும், தூசு என்பதற்கு ஆடை என்ற பொருளும், தூசி என்பதற்குப் புழுதியோடு முன்னணிப் படை என்ற பொருளும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் உண்டு. துடைக்கப்படுவதும் தூசு, துடைக்கும் துணியும் தூசு. எனவே டஸ்டரைக் கண்டுபிடித்தவன் தமிழனே. தூசிப்படை முன்னே ஓடித் தூசி கிளப்பியது, பின்னே வந்த படை தூசால் முகம் துடைத்தது, என்மனார் வேர்ச்சொல் வேந்தர். அவரை மறுக்க எவருக்கும் நேரமில்லை. அவருக்கோ நேரம் நிறைய இருக்கிறது.

வகைப்பாட்டுக்கு வருவோம். டஸ்ட்பின்: டஸ்ட் தவிர அனைத்தும் இருக்கும் இடம். டஸ்ட் அலர்ஜி: வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிகளும் அவற்றின் எச்சமும் செய்யும் குற்றத்துக்குப் பெரும்பாலும் டஸ்ட் பழி ஏற்பது. குவாரி டஸ்ட்: இங்கே எல்லைத் தகராறு உண்டு. நொறுக்கிய கல்மணலில் 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பங்கு 20 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை 383. ஆக, இருபதாம் சதவீதம்வரை மணலாக மதிக்கப்பட்ட துகள், இருபத்தோராம் சதவீதத்தில் ஊடுருவியாகிறது. உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளி, தேய்த்து, ஊதி, எஞ்சியதைப் பார்த்து, ‘டஸ்ட் ஜாஸ்தி’ என்மனார் மேஸ்திரி, விலையைக் குறைக்க வேண்டிய நாள்களில்.

டஸ்டரே இவ்வதிகாரத்தின் மையம். ஆங்கிலத்தில் ‘டஸ்ட்’ வினையாகும்போது தூசியை நீக்குதல், தூசியாகத் தூவுதல் என இரண்டு எதிர்ப்பொருள்களும் அதற்கு உண்டு. வீட்டிலுள்ள டஸ்டர் நீக்கும். வயலில் கையால் சுற்றும் டஸ்டர் பூச்சிமருந்துத் தூளைத் தூவும். ஒரே பெயரில் இரு பகைவர்கள். ஆனால் இரண்டையும் ஒரே உடலில் செய்து காட்டுவது கரும்பலகை டஸ்டர் ஒன்றுதான். பலகையிலிருந்து சாக்பீஸ் துகளை அது நீக்குகிறது என்பர் ஒரு சாரார். அத்துகளைத் தன்னிடம் சேமிக்கிறது என்பர் மற்றொரு சாரார். முதல் பெஞ்சுக்காரர் தலைமேல் அதைத் தூவுகிறது என்மனார் முதல் பெஞ்சில் அமர்ந்து, பின் பெஞ்சுக்கு மாறி, அங்கிருந்து இருநோக்கிலும் ஒப்பியல் செய்தோர். டஸ்டர் அழுக்கானால் அதைத் துடைக்க இன்னொரு டஸ்டர் இல்லை. சுவரில்தான் தட்ட வேண்டும். தட்டிய சுவரில் வெள்ளைச் செவ்வகங்கள் விழும். இவற்றைப் பாறை ஓவியங்களோடு ஒப்பிட்டு, ஒரு பள்ளி எத்தனை கல்வியாண்டு பழையது எனக் கணிக்க முடியும், என்மனார் சுண்ணாம்பு அடிக்கும் முன் சுவரைக் கண்டு, கண்டதைத் தலைமையாசிரியரிடம் கூறி, கூறியதற்காக வெளியே நிறுத்தப்பட்ட தொல்லியலார். படைக்கலங்களைக் கைவிடுபடை, கைவிடாப்படை எனப் பிரிக்கும் மரபில் டஸ்டர் நெடுங்காலம் முன்னதில் இருந்தது. பள்ளிகளில் உடல்தண்டனையை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்தபின் கைவிடாப்படையாகப் பின்னதில் சேர்ந்தது. கருதுகோளும் இங்கே உறுதிப்படுகிறது: ஆசிரியர் விரலிடையில் இருக்கும்வரை அது சாக்பீஸ், எழுத்தாகப் பலகையில் இருக்கும்வரை பாடம், உதிர்ந்து உரிமையாளரை இழந்த கணமே டஸ்ட்.

இனித் தடை விடை. டஸ்ட் டீக்கு உரிமையாளர் உண்டே, பாக்கெட்டும் விலையும் உண்டே, அது ஏன் பவுடர் ஆகவில்லை என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், குன்னூரிலும் கொச்சியிலும் அதை ஏலம் போட்டே விற்கிறார்கள். விடை சல்லடையில் இருக்கிறது. பதப்படுத்திய தேயிலையைச் சலிக்கும்போது, மேலே தங்கும் பெரிய இலைகளுக்கு முதலில் பெயர் வைத்தார்கள். எல்லாக் கண்ணிகளையும் கடந்து அடியில் விழுந்ததற்கு டஸ்ட் என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் முழு இலையை மதித்தவர்கள். அவர்கள் கணக்கில் இது கேட்பாரற்றது. அது சீக்கிரம் சாறு இறங்கும், கடும் நிறம் தரும், ஒரு கிலோவுக்குக் கூடுதல் கோப்பை காணும் என்பதை அறிந்த டீ மாஸ்டர் பிற்பாடு வந்து உரிமை கொண்டாடினார். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. குடிப்பவருக்கோ அந்தப் பெயர் மட்டும் போதவில்லை: ‘டஸ்ட் டீத்தூள்’ என்று பின்னால் ஒரு தூளைச் சேர்த்து உரிமைப் பத்திரம் எழுதிக்கொண்டார். வணிகரும் தம் பங்குக்கு கோல்டன் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்று முன்னால் விருதுகளை அடுக்கினர். பட்டங்கள் கூடக் கூட உள்ளே இருப்பது நுணுகும் என்னும் இவ்விதி தேயிலைக்கு மட்டும் உரியதன்று. கருத்தரங்க அழைப்பிதழ்களையும் காண்க.

உள்ளூர்ச் சான்றுகள் போதா என்போருக்கு உலகச் சான்றுகள் இரண்டு. சஹாராவிலிருந்து ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் புழுதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமேசான் காட்டுக்குப் பாஸ்பரஸ் கொண்டு சேர்க்கிறது. மூட்டையில் கட்டி மானியம் கொடுத்திருந்தால் அதன் பெயர் உரம்; காற்றில் இலவசமாக வருவதால் டஸ்ட். அடுத்தது நிலா. 1972-இல் அப்பல்லோ 17 பயணத்தில் ஹாரிசன் ஷ்மிட் என்ற நிலவியலாளருக்கு நிலாத் தூசியால் மூக்கடைப்பு வந்தது. அந்தத் தூசிக்குப் பவுடர் என்ற பெயர் நிலைக்காததற்குச் சட்டக் காரணமே இருக்கிறது: நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967 விண்வெளி ஒப்பந்தம் விதிக்கிறது. உரிமையாளர் இல்லை, ஆகவே டஸ்ட். ஒரு கருதுகோளுக்குப் பன்னாட்டு ஒப்பந்தமே துணை நிற்பது அரிது.

ஆகவே, இதுவரை எவரும் அறியாததாக இக்கட்டுரை கண்டறிந்த முடிவு: உரிமையாளர் இருந்தால் பவுடர், இல்லாவிட்டால் டஸ்ட். இதை ஏற்போர் தத்தம் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டலாம்; ஆசிரியர் பெயர் வேண்டாம், ‘என்மனார் புலவர்’ போதும். மறுக்க விரும்புவோர் முதலில் தம் அலமாரியில் இருக்கும் ஆய்வேடுகளை எடுத்துத் தட்டிவிட்டு வரவும். அதிலிருந்து கிளம்புவது யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.