முள்கரண்டிக்குப் பால் ஒதுக்கிய அதிகாரி யார்?

அனுப்புநர்:
பி1 ஜெர்மன் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒருவன்,
ஷ்டுட்கார்ட்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஜெர்மன் எழுத்துமுறை மன்றம்,
மான்ஹைம்.

பொருள்: உயிரற்ற பண்டங்களுக்குப் பால் ஒதுக்கியதில் காணப்படும் குளறுபடி – வழுவமைதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஜெர்மன் மொழி பற்றி மார்க் ட்வைன் 1880-இல் அச்சில் வெளியிட்ட புகார் (இன்றுவரை நிலுவையில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எழுத்துப்பிழையைக் கவனிப்பதுதான் தங்கள் மன்றத்தின் வேலை, பெயர்ச்சொல்லின் பால் உங்கள் மேசைக்கு வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் உங்களுக்கே எழுதுகிறேன். இந்த நாட்டில் இதற்கு வேறு ஆள் அகப்படவில்லை. எந்தக் குப்பை எந்த நிறத் தொட்டிக்கு என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டால் வந்து கதவைத் தட்ட ஆள் இருக்கிறது. ஆனால் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை என்று எந்த அதிகாரி எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “அது அப்படித்தான்.” தாலுகா அலுவலகங்களில் வளர்ந்தவன் நான். அங்கேகூட இவ்வளவு நிம்மதியாக இந்தப் பதிலைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

உங்கள் மன்றம் சும்மா இருக்கும் மன்றம் என்று சொல்லவில்லை. இரட்டை ‘ஸ்’ எழுத்துக்கு 2017-இல் பெரிய வடிவம் கொடுத்தீர்கள். ஆசிரியர்கள் என்று எழுதும்போது ஆண், பெண் எல்லோரும் அடங்கும்படி சொல்லுக்கு நடுவே நட்சத்திரம் போடலாமா என்று 2018 முதல் கூடிக் கூடிப் பேசுகிறீர்கள். நீங்கள் பேசி முடிப்பதற்குள், பவேரியா 2024 ஏப்ரல் 1 முதல் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அந்த நட்சத்திரத்துக்குத் தடையே போட்டுவிட்டது. மனிதர்களின் பால் பற்றி இவ்வளவு அடிதடி நடக்கும் நாட்டில், மேசையின் பால் பற்றி ஒரு துண்டறிக்கையாவது வந்ததுண்டா?

என் துணி அலமாரியைத் திறக்கிறேன். பாவாடை ஆண். பேன்ட் பெண். கழுத்து டை பெண். உதட்டுச்சாயம் ஆண். கண்ணாடியில் தெரியும் என் வழுக்கை பெண். ஆண்மை என்ற சொல்லே உங்கள் மொழியில் பெண்பால். சொல் ‘கைட்’ என்றும் ‘ஷாஃப்ட்’ என்றும் ‘உங்’ என்றும் முடிந்தால் பெண் என்கிறார் எங்கள் ஆசிரியை. சரி. ‘சென்’ என்று முடிந்தால் இரண்டுமல்லாதது, அதனால்தான் சிறுமி பெண்பால் இல்லை என்கிறார். அதற்கும் சரி. இப்படி வால் உள்ள சொற்களை வாலைப் பிடித்துத் தெரிந்துகொள்ளலாம். வாலே இல்லாத கரண்டி, மேசை, கதவு, ஜன்னலை எதைப் பிடித்துத் தெரிந்துகொள்வது?

இதற்கு விளக்கம் சொல்ல உங்கள் பெரியவர்கள் முயலாமல் இல்லை. தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப், 1831-இல் வந்த தம் இலக்கண நூலின் மூன்றாம் பாகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பெரியது, உறுதியானது, தானாக இயங்குவது ஆணாம். சிறியது, மென்மையானது, ஏற்றுக்கொள்வது பெண்ணாம். கை பெண்ணாகவும் கால் ஆணாகவும் ஆனதும் அவர் கணக்கில் அப்படித்தான். சரி, மூக்கு பெண், வாய் ஆண், கண்ணும் காதும் ஒன்றுமில்லை. ஒரே முகத்தில் இத்தனை பாகப்பிரிவினையா? இதிலும் எரிச்சலூட்டுவது ‘மூட்’ என்று முடியும் சொற்கள். துணிச்சல் ஆண், இறுமாப்பு ஆண். பணிவு பெண், சாந்தம் பெண். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். க்யோப்கே, ஸூபின் என்ற இரு மொழியியலாளர்கள் 1984-இல் இதே சொற்களை வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

பாலையாவது மனப்பாடம் செய்துவிடலாம். சொல்லுக்கு முன்னால் ஆணுக்கு ‘டெர்’, பெண்ணுக்கு ‘டீ’, இரண்டுமல்லாததற்கு ‘டாஸ்’. செய்த பிறகு அது நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா? முள்கரண்டி மேசையில் கிடக்கும்வரை ‘டீ’. அதைக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டால் ‘டெர்’. ஒரு ஆண் ‘டெர்’. இரண்டு ஆண்கள் கூடினால் ‘டீ’. இது ஒன்றுதான் எங்கள் ஊரிலும் அமலில் உள்ளது.

வெண்ணெய் பெண் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனால், எனக்கு முன்னால் நிற்கும் ஸ்வேபியப் பாட்டி கணீரென்று “டெர் புட்டர்” என்கிறார். இந்தப் பக்கத்துப் பேச்சில் வெண்ணெய் ஆண்தானாம். கல்லாவில் இருப்பவர் தலையாட்டிக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறார். அதையே நான் சொன்னால் திருத்துகிறார்! தயிரின் கதை இன்னும் மோசம். ஜெர்மனியில் பெரும்பாலும் ஆண், ஆஸ்திரியாவுக்குள் போனால் ‘டாஸ்’. பால் மாறித் தயிராவது எங்களுக்குத் தெரியும். தயிரான பிறகும் பால் மாறுவதை இங்கேதான் பார்க்கிறேன்.

இந்தக் கடையில் நான் உயிர்பிழைக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன், பிறருக்கும் உதவும். ஒன்று என்று கேட்டால் அந்த ‘ஒன்று’ பாலுக்கு ஏற்றபடி மாறும். இரண்டு மாறாது. ஆகவே எதையும் ஒன்றாக வாங்குவதில்லை. இரண்டு பிரெட், இரண்டு வெண்ணெய்க்கட்டி, இரண்டு முட்டைக்கோஸ். ஜெர்மன் இலக்கணத்தால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மூட மறுக்கிறது. (ஃபிரிட்ஜ் ஆண்.)

“குழந்தை அழுகிறது என்று நீங்களும்தானே சொல்கிறீர்கள்?” என்று மன்றத்தில் யாராவது கேட்கக்கூடும். கேட்கட்டும். எங்கள் வீட்டில் அத்தை வந்தால்கூட “அத்தை வந்துச்சு” என்பதுதான் பேச்சு. ஆனால் எங்கள் இலக்கணம் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களால் பாலோ திணையோ தவறினால் அது தவறே இல்லை என்று நன்னூல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. மேய்ந்து திரும்பும் பசுவைப் பார்த்து ஒருவன் பூரித்துப்போய் “என் அம்மை வந்தாள்” என்றால், அதற்கு வழுவமைதி என்று பெயர். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இந்தச் செய்தி உங்கள் நாட்டுக்குப் புதிதாக இருக்க நியாயமில்லை. உங்கள் நாட்டுப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார் என்பார்கள். அந்த மணல் ஆணா, பெண்ணா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கரையேறிப் பத்தே ஆண்டில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் உங்கள் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது. எதிர்த்திசையில் வந்த நாங்கள் மட்டும் முள்கரண்டியிலேயே நிற்கிறோம். கங்கா மாதாவையே உங்கள் வரைபடத்தில் ‘டெர் கங்கெஸ்’ என்று ஆணாக்கியிருக்கிறீர்கள். அதற்குக்கூட நாங்கள் ஊர்வலம் போகவில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. பாலை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒழித்தால் வீட்டுப்பாடம் திருத்தும் பலருக்கு வேலை போய்விடும். குடியுரிமைக்கு பி1 கேட்கும் அரசிடம் தாங்கள் பரிந்துரைத்து, நன்னூல் சொன்ன அந்த ஐந்து காரணங்களை ஜெர்மனிலும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆறாவதாகப் ‘பயம்’ என்ற ஒன்றையும் சேர்க்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் எதிரே இரண்டு பேர் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது சொன்ன எந்தப் பாலும் வழுவமைதியில் அடங்கும் என்று ஒரு வரி போதும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். உங்கள் மொழியில் சொல் என்பது ‘டாஸ்’. அதே சொல்லின் தலையில் ‘அன்ட்’ ஏறிப் பதிலாகிவிட்டால் ‘டீ’. அது ஏன் என்பதை அந்தப் பதிலிலேயே தெரிவித்தால் தனியாக இன்னொரு மனு போட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைசி வரிசை.

நகல்: வகுப்பு ஆசிரியைக்கு (தேர்வு முடிவு வந்த பிறகு வழங்கப்படும்).