மேக், டூ, டேக், ஹேவ்: ஆங்கில வினைகளின் ஜாதகப் பொருத்தம் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

ஆங்கிலேயர்கள் தவறை 'மேக்' செய்கிறார்கள், வீட்டுப்பாடத்தை 'டூ' செய்கிறார்கள். குளியலை பிரிட்டனில் 'ஹேவ்' செய்கிறார்கள், அமெரிக்காவில் 'டேக்' செய்கிறார்கள். கவனத்தையோ, பில் எதுவும் வராமலே, 'பே' செய்கிறார்கள். காரணம் கேட்டால் "அப்படித்தான் சொல்வோம்" என்பார்கள். ஊரெங்கும் ஃபீஸ் கட்டிக் கற்கும் ஒரு மொழிக்கு இந்தப் பதில் போதாது என்பதால் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு நிதி வழங்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2. முன்னோர் பணி

இத்துறை அநாதையன்று. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், தம் ஏழு பாக ஆங்கில இலக்கணத்தின் ஆறாம் பாகத்தில் (1942) இத்தகைய வினைகளுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயரிட்டார். கனமற்ற வினை என்று பொருள். ஆங்கிலேய ஆசிரியர் ஹெரால்ட் பாமர் அதற்கு முன்பே, 1933இல், டோக்கியோவில் இருந்தபடி ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். எந்தச் சொல் எதோடு சேரும் என்ற கவலை ஆங்கிலேயருக்கு இங்கிலாந்தில் வருவதில்லை; பிறருக்குக் கற்பிக்கப் போன இடத்தில்தான் வருகிறது.

3. கருதுகோளும் அதன் வீழ்ச்சியும்

கோச்சிங் சென்டர்களில் வழங்கும் சூத்திரம் இது: புதிதாக ஒன்றை உண்டாக்கினால் 'மேக்', இருக்கிற வேலையைச் செய்தால் 'டூ'. கேக்கும் சத்தமும் இதற்குக் கட்டுப்படுகின்றன. கட்டில் கட்டுப்படவில்லை. காலையில் போர்வையை உதறி மடிப்பதற்குத்தான் 'மேக் த பெட்' என்று பெயர். தச்சருக்கு அங்கே வேலையில்லை. பணத்தை 'மேக்' செய்வது புதிதாக உண்டாக்குவதுதான் என்றால், ரூபாய் நோட்டு அச்சகத்தார் தவிர மற்ற எல்லோரும் உள்ளே போக வேண்டியிருக்கும். சூத்திரம் இத்துடன் கைவிடப்பட்டது.

அடுத்த சிக்கல் பந்தியில் எழுகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ் எ டிரிங்க்' சரி, 'ஹேவ் அன் ஈட்' தப்பு. குடிக்க அனுமதித்த மொழி சாப்பிட ஏன் மறுக்கிறது? வாசகர் இதை எம் குறும்பு என்று எண்ண வேண்டாம். ஆன்னா வியர்ஸ்பிக்கா என்ற மொழியியலாளர் 1982இல் 'லாங்குவேஜ்' என்ற ஆய்விதழில் இதே கேள்வியைத் தலைப்பாகவே வைத்து முழுநீளக் கட்டுரை எழுதியிருக்கிறார். போலி ஆய்வாளர்களுக்கு உண்மை ஆய்வாளர்கள் மிச்சம் வைப்பது குறைவு.

4. முதன்மைக் கண்டுபிடிப்பு

வினையைப் பிடித்துக்கொண்டு காரணம் தேடியதே எல்லோரும் செய்த பிழை. இந்தச் சம்பந்தத்தில் பெயர்ச்சொல்தான் பெண் வீடு. யாரை ஏற்பது என்று முடிவு செய்வது அதுவே. வினை, பொருளையெல்லாம் வாசலில் கழற்றிவிட்டு, காலத்தையும் ஆளையும் காட்டுவதற்காக மட்டும் உள்ளே வந்து உட்கார்கிறது. 1986இல் வந்த பிபிஐ சொற்சேர்க்கை அகராதியும் 2002இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியும் இதை ஒப்புக்கொள்கின்றன. அவற்றில் 'டெசிஷ'னை 'மேக்' என்ற சொல்லின் கீழ் தேடிப் பயனில்லை. 'டெசிஷன்' பக்கத்தைப் புரட்டினால் அதற்குரிய வினைகள் வரிசையாக நிற்கும்: 'மேக்', பிரிட்டிஷ் வழக்கில் 'டேக்'கும் கூட.

ஒரே பெண்ணுக்கு ஊருக்கு ஊர் வரன் மாறுவதும் உண்டு. தேர்வை எடுத்துக்கொள்வோம். லண்டனில் மாணவர் அதை 'டேக்' செய்கிறார், அல்லது 'சிட்' செய்கிறார். டெல்லியில், இந்தி வழக்கையொட்டி, 'கிவ்' செய்கிறார். சென்னையில், கொடுக்கல் வாங்கலே வேண்டாம் என்று, தமிழையொட்டி 'ரைட்' செய்கிறார். மூவரும் எழுதுவது ஒரே கணக்கு, வாங்கும் மார்க்கும் ஏறக்குறைய ஒன்றே.

5. எதிர்த்தரப்பு வாதம்

இதைப் படித்துவிட்டு ஆங்கிலத்தைக் கேலி செய்யக் கிளம்பும் தமிழர், முதலில் 'போடு' என்ற வினைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சண்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், சாப்பாடு போடுகிறோம், ஊசி போடுகிறோம், மத்தியானம் ஒரு தூக்கமும் போடுகிறோம். இவற்றில் எதுவும் கீழே விழுவதில்லை. 'அடி'யும் சளைத்ததல்ல: மொட்டை அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், சைட் அடிக்கிறோம். வெயிலும் தன் பங்குக்கு அடிக்கிறது. தமிழ் கற்க வந்த வெளிநாட்டவர் இதற்குக் காரணம் கேட்டால், நாமும் "அப்படித்தான் சொல்வோம்" என்போம்.

பொருத்தமே பார்க்காத ஒரு வினையும் நம்மிடம் இருக்கிறது. 'பண்ணு'தான் அது. 'டிரை', 'மிஸ்', 'அட்ஜஸ்ட்', 'கேன்சல்' என எந்த ஆங்கிலச் சொல் வந்தாலும், மறுபேச்சில்லாமல் அதன் பக்கத்தில் நின்றுவிடும். ஆங்கிலத்திடம் இப்படிப்பட்ட தாராளமான வினை இல்லை.

6. முடிவும் பரிந்துரையும்

ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதன் வினையோடு சேர்த்தே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஹோம்வொர்க்கை 'மேக்' செய்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். உட்கார்ந்து உண்டாக்கியவன் அவன்தானே, நியாயம் அவன் பக்கம்தான். மார்க் போடுகிறவர் மட்டும் வழக்கத்தின் பக்கம் இருக்கிறார்.