முடியாத புடவையும் சிக்கிய டிவிடியும்

பதினாறு டிவிடி அடங்கிய சீரியல் பெட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதில் பழுதானது பதினோராவது. பார்க்காமலே சொல்லிவிடலாம். முதல் மூன்றையும் வாங்கிய வாரமே போட்டுப் பார்த்திருப்பீர்கள், அவை ஓடும். கடைசி ஒன்றை, லீவுக்கு வந்த மச்சான் "முடிவு மட்டும் பார்த்துடுவோம் மாமா" என்று போட்டிருப்பார், அதுவும் ஓடும். நடுவில் இருப்பவை பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. பழுது அங்கேதான் குடியிருக்கிறது. கதை சூடுபிடிக்கும் இடமும் அங்கேதான்.

திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும், எல்லை தாண்டி நகரியிலும், டிவிடி பிளேயரை இன்னும் பரணில் ஏற்றாத குடும்பங்களுக்காக இந்தக் குறிப்புகள். "எல்லாம்தான் போனிலேயே வருதே" என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மலைக்கு வண்டிப்பாதை இருக்கும்போது 365 படி எதற்கு என்று கேட்கிற கட்சி அவர்கள்.

முதல் வேலை, பழுது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. புராணத் தொடர்களில் இது லேசுப்பட்ட காரியமல்ல. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் வந்த 94 எபிசோடுகள். அதில் துகிலுரியும் காட்சி. புடவை வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. பாட்டி கைகூப்பிவிட்டார். டிவிடி ஒரே இடத்தில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடுகிறதா, கண்ணபிரான் அருள்தான் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? சோதனை ஒன்றுதான். துச்சாதனன் களைத்து விழுந்தால் டிவிடி நல்லது. களைக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் கடைக்குக் கிளம்புங்கள்.

ராமானந்த் சாகரின் ராமாயணத்தில் இன்னும் சிரமம். 1987 ஜனவரியில் தொடங்கி 78 எபிசோடு ஓடிய அந்தத் தொடரில், இரண்டு அம்புகள் வானத்தில் எதிரெதிராகச் சந்திக்கப் போகிற வேகத்துக்கும் பிளேயர் ஸ்டக் ஆவதற்கும் வித்தியாசம் காண அனுபவம் வேண்டும். பின்னணி இசை நின்றுவிட்டால் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். இசை ஓடுகிறது, அம்பு நிற்கிறது என்றால் அது இயக்குநரின் முடிவு.

நடுவில் ஒரு கணம் படம் நின்று உடனே ஓடினால் பதறவேண்டாம். சில டிவிடிகளில் இரண்டு அடுக்கு உண்டு. ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபி என்றால் இரண்டிலும் சேர்த்து 8.5 ஜிபி கொள்ளும். லேசர் கதிர் உள்வட்டத்திலிருந்து படித்துக்கொண்டே வெளிவிளிம்புக்குப் போய், அங்கே கவனத்தை இரண்டாவது அடுக்குக்கு மாற்றிக்கொண்டு, திரும்ப உள்ளே வரும். அந்தத் திருப்பத்தில் வருகிற மூச்சுதான் அது. அதற்காகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டால், உண்மையான பழுதைக் கொண்டுபோகும் நாளில் உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய பெட்டி ஓடவில்லையா? அதுவும் பழுதல்ல. உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து டிவிடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா மண்டலம் 1, நாம் மண்டலம் 5. மகளிடம் மட்டும் "நல்லா ஓடுதும்மா" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பழியை யார் தலையில் போடுவது என்பது. டிவிடியா, பிளேயரா? அதே டிவிடியை எதிர்வீட்டு பிளேயரில் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே நியாயமான விசாரணை. அங்கே ஓடினால் உங்கள் பிளேயரின் லென்ஸ் போய்விட்டது, ஊதுவத்திப் புகையும் தாளிப்புப் புகையும் அதன்மேல் படிந்திருக்கிறது என்று பொருள். அங்கேயும் ஓடாவிட்டால் டிவிடி போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா "எங்க பிளேயரு இதுக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடிச்சு" என்று சொன்னால், நீங்கள் இரண்டு விஷயத்துக்குப் பதில் சொல்லவேண்டி வரும். ஆகவே முதலில் அவர்கள் வீட்டு டிவிடி ஒன்றை அவர்கள் பிளேயரில் ஓடவிட்டுச் சாட்சி வைத்துக்கொண்டு, பிறகு உங்களுடையதை நுழையுங்கள்.

லென்ஸ்தான் கோளாறு என்று மெக்கானிக்கிடம் போனால், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி ஸ்க்ரூ ஒன்றை அரைத் திருப்புத் திருப்பித் தருவார். லேசருக்குப் போகும் மின்சாரம் கூடும், படம் பளிச்சென்று வரும், நீங்களும் அவர் கையில் கண்ணை ஒற்றிக்கொள்வீர்கள். ஆனால் கூடுதல் சூட்டில் அந்த லேசரின் ஆயுள் வேகமாகத் தீரும். முதலில் துடைத்துத் தரச் சொல்லுங்கள். திருப்புவது கடைசியில்.

டிவிடிதான் கோளாறு என்று முடிவானால் துடைக்கும் படலம். இங்கேதான் தமிழ்க் குடும்பத்தின் கற்பனை வளம் முழுவதும் வெளிப்படும். வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, தேங்காய் எண்ணெய், வாழைப்பழத் தோல், ரோஸ் கலர் பல்பொடி. நம்மூரில் விபூதிக்கும் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் ஒரே மாலையில் பூசி முடித்துவிட்டால் டிவிடியை அடுப்படியில் மாட்டிவைக்கலாம்.

உண்மையில் வேலை செய்வது சாதாரணத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. முக்கியம், துடைக்கும் திசை. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்கவேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல வட்டமாகத் தேய்க்கக் கூடாது. காரணம் இருக்கிறது. படமும் ஒலியும் சுருள்சுருளான ஒரே தடத்தில் பதிந்திருக்கின்றன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரான்தான் இடைவெளி. தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகிற கீறல், ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டைத்தான் மறைக்கும். விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு டிவிடிக்குள்ளேயே இருக்கிறது. தடத்தின் போக்கில் சுமார் 6 மில்லிமீட்டர் வரை அது சமாளிக்கும். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறலோ தடத்தோடேயே ஓடும். கணக்கு அங்கே கைவிரித்துவிடும். பார்க்க பயங்கரமாகக் கீறியிருக்கும் டிவிடி ஓடுவதும், பளபளவென்று துடைத்து வைத்தது ஓடாமல் போவதும் இதனால்தான்.

வெள்ளைப் பற்பசை லேசான கீறலைத் தேய்த்து மட்டப்படுத்தும், அதுவரை பாட்டி வைத்தியம் சரி. ஜெல் பற்பசையால் டிவிடிக்கு வாசனை மட்டும் வரும்.

விரிசலுக்கு வைத்தியம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நாம் இருக்கும் இடம். கை முறிந்தால் ரயிலேறிப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற ஊர் இது. புத்தூர்க் கட்டின் மீதுள்ள நம்பிக்கையில் நடுத்துளையோரம் விரிந்த டிவிடிக்கும் செலோடேப் கட்டுப் போட்டு உள்ளே தள்ளுகிறவர்கள் உண்டு. உள்வட்டத்தைப் படிக்கும்போது வீட்டு பிளேயரிலேயே அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். கணினியில் அதைப்போலப் பல மடங்கு. சிதறினால் டிவிடியோடு பிளேயரும் போகும். விரிசல் வருவதே பெட்டியிலிருந்து பிடுங்கும் விதத்தால்தான். நடுவில் இருக்கும் பல்லைக் கட்டைவிரலால் அழுத்தி, விளிம்பைத் தூக்கவேண்டும். விளிம்பைப் பிடித்து நெம்பினால் நடுவில் பிளக்கும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. கத்திரியில் வானிலை அறிக்கை கேட்டால் திருத்தணி பெயர் முன்வரிசையில் வராத வருடம் அபூர்வம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டைப் பசையால் ஒட்டியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், செட்டாப் பாக்ஸின் தலைமேல் வைத்தால் தகடு வளையும், பசை விடும், உள்ளே காற்றுப் புகுந்து அலுமினியப் பூச்சு அரிக்கும். டிவிடியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் சோப்பும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். வெயில் இல்லாத ஊரிலும் இது நடக்கிறது என்பது ஓர் அற்ப ஆறுதல். 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில கெட்டுப்போகின்றன என்று ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸே 2025-இல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தருவதாகச் சொன்னது.

எல்லை ஊருக்கே உரிய பழுது ஒன்றும் இருக்கிறது. அட்டையில் தமிழ் என்று போட்டிருக்கும். பத்து டிவிடி தமிழ் பேசும். பதினொன்றாவது தெலுங்கில் தொடங்கும். வேறு ஊரில் இதற்குக் கலவரமே நடக்கும். இங்கே பாதி வீடுகளில் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்தவர்களுக்கு யோசனை: அதே தொடரின் தெலுங்குப் பெட்டியை வாங்கிய ஒருவர், உங்கள் தமிழ் டிவிடியை வைத்துக்கொண்டு நகரியிலோ ரேணிகுண்டாவிலோ முழித்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் நமக்குப் புதிதல்ல. ஊரே எக்ஸ்சேஞ்சில் வந்ததுதான். சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. ஒரு தாலுகாவையே மாற்றிக்கொடுக்க முடிந்த நாட்டில் ஒரு டிவிடியை மாற்றிக்கொடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர்.

அவரோடு பேச்சு எப்படியும் இப்படித்தான் போகும்:

"கவர் பிரிச்ச பீஸைக் கம்பெனிக்காரன் வாங்கமாட்டான் சார்."

"பிரிக்காம எப்படிண்ணே ஓடலைன்னு தெரியும்?"

"அதான் சார். பிரிக்காம இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காதுல்ல?"

இந்த வாதத்தின் அழகில் மயங்கி வீடு திரும்பிவிடாதீர்கள். சுவரில் தொங்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் கண்டும் அஞ்சவேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். 1915 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்டக் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும். துச்சாதனன் களைக்கவில்லை என்று எழுதாமல், 'பதினோராவது டிவிடி ஓடவில்லை' என்று எழுதுங்கள்.

பர்மா பஜார் சரக்காக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. திருட்டு வீடியோக்காரர்களை 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பில் இல்லாத பொருளுக்கு ஆணையத்தில் நின்று நியாயம் கேட்டால், உங்களிடம்தான் கேள்வி வரும்.

தயாரித்த கம்பெனிக்கே கடிதம் எழுதலாம் என்பவர்கள், கம்பெனி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும். 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று ஒரு காலத்தில் சந்தையைக் கலக்கிய மோசர் பேர், 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது.

சட்டம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது. இடிப்பது நம் வழக்கம்தான். சட்டம் நாள் கணக்கில் பேசுகிறது. நாமோ பெட்டியை ஆடிக் கிருத்திகைக்கு வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பதினோராவது டிவிடிக்கு வரும்போது பையன் கல்லூரி முடித்திருப்பான். மகாபாரதம் முழுதாகப் பார்க்க ஏறத்தாழ 70 மணி நேரம் வேண்டும். அவ்வளவும் பார்த்துத்தான் சோதிக்கவேண்டும் என்பதில்லை. வாங்கிய அன்று ராத்திரி, ஒவ்வொரு டிவிடியிலும் முதல் எபிசோடில் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். பதினாறுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும்.

மறுநாள் பில்லை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். கடைகளில் மெஷின் கக்கித் தரும் பில் சூடு பட்டால் எழுத்து மறையும் தாள். நம்மூர் வெயிலுக்கு அது ஒரு கோடைகூடத் தாங்காது.