ரிவ்யூ முதலாளி

ஆரணியில் கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலைக்கு இவர் வந்து உட்காராமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பார்வைக்குப் பட்டு வியாபாரம் செய்கிற எந்த முதலாளியையும் போலத்தான் இருப்பார். சட்டைப்பையைக் கவனியுங்கள். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் இவர் டயர் காற்று பார்க்கிற கேஜைச் செருகியிருப்பார். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று ஊரே கேட்கிற எதையும் இவர் கேட்பதில்லை. “எதுல வந்தீங்க?” என்பார். பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது உத்தமம். காரின் பெயரைச் சொன்னீர்களோ, அடுத்த கேள்வி “டீசலா?” ஆமாம் என்றால் அன்றைக்குப் பாயசம் ஆறிப்போகும்.

ஊரில் இவருக்குப் பெயர் ரிவ்யூ முதலாளி. கார் விற்பவரோ மெக்கானிக்கோ அல்ல. சொந்தத் தறி கொஞ்சம் உண்டு. முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கம் பாவும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குவதும் உண்டு. பழைய டீசல் கார் பைத்தியம் எந்த ஊரிலும் ஒன்றிரண்டு தேறும். ஆரணிக்காரரின் பைத்தியத்துக்கு மட்டும் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தக் காரைப் பற்றிய ரிவ்யூவையும் அது அச்சாகி இருபது வருஷம் கழித்துத்தான் படிப்பார். புதிதாக வந்த பத்திரிகையை யாராவது கொண்டுவந்து நீட்டினால், அட்டைப்படத்தைக்கூடப் பார்க்காமல் பரணில் ஏற்றிவிடுவார்.

ஏன் என்று கேட்டால் அரிசியைச் சொல்வார். பட்டுக்கு அடுத்தபடி ஆரணிக்குப் பேர் அரிசியில்தானே. “புது அரிசியை உலையில போட்டா இன்னா ஆகும்? குழையும். கம்பெனிக்காரன் சாவியக் குடுத்து, ஓட்டல்ல ரூம் போட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கன்னா எவன் குறை எழுதுவான்? மூட்டையிலயே கெடக்கட்டும். பழசான பின்னாடி வடிச்சுப் பாரு, பருக்கை தனித்தனியா நிக்கும்.”

இந்தப் பத்திரிகைச் சரக்கெல்லாம் சென்னையில் சேர்ந்தது. தி.நகர்க் கடைகளுக்குப் புடவை போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட், அது 1985இல் எரிந்த பிறகு திருவல்லிக்கேணி நடைபாதை. உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை, ரிவ்யூவுக்கு நடைபாதை என்று பயணத்தைப் பிரித்துக்கொண்டார். பிரிட்டனின் ‘ஆட்டோகார்’, ‘மோட்டார்’, அமெரிக்காவின் ‘ரோடு அண்ட் டிராக்’ எல்லாம் புடவை அட்டைப்பெட்டிகளில் வருஷவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் பூச்சி உருண்டை. கடையில் ஏழாயிரம் ரூபாய்ப் புடவை எந்த அலமாரியில் இருக்கிறது என்று பையனைக் கேட்பார். 1976 எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை இருட்டில்கூடத் தடவிச் சொல்வார்.

1976 அவருக்குப் புனிதமான வருஷம். மெர்சிடிஸ் டபிள்யூ 123 வெளிவந்த வருஷம். அந்த வரிசையில் அடிமட்ட டீசலான 200 டி வண்டிக்கு வெறும் 55 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அரை நிமிஷம் போதாது. அதற்குள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிவிடலாம். அன்றைய டீசல் ரிவ்யூ எதை எடுத்தாலும் சத்தம், நாற்றம், சோம்பல் என்ற மூன்று புகார்களும் தவறாமல் இருக்கும். கடைசிப் பத்தியில் மட்டும், ஏதோ செய்த பாவத்துக்குப் பரிகாரம் போல, எண்ணெய் கம்மியாகக் குடிக்கிறது என்று ஒரு வரி. எழுதியவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியில் அந்த வரிசைக் கார் கைக்கு வர ஜனங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பத்து வருஷத்தில் பெட்ரோல், டீசல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் போயின.

முதலாளி இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் பத்தி பிரித்து எழுதி வைத்திருக்கிறார். தறிக் கூலிக் கணக்கு எழுதுகிற அதே நோட்டு. ஒரு பத்தி ‘சொன்னது’, அடுத்தது ‘நடந்தது’, மூன்றாவதில் எழுதியவருக்கு மார்க். 200 டி-யைச் சோம்பேறி என்றவருக்கு நூற்றுக்கு முப்பது. “சொன்னது பொய் இல்ல, அதனால முப்பது. ஆனா அவன் விநாடியத்தான் அளந்தான், வருஷத்த அளக்கல. அளக்கிற கோலே தப்பு.”

இந்த இடத்தில் நமக்கு ஒரு நியாயம் தோன்றும். வண்டி வாங்கப் போகிறவனுக்கு அடுத்த வாரம் விஷயம் தெரிந்தாக வேண்டும். இருபது வருஷம் காத்திருந்து ரிவ்யூ எழுதினால் அதை வைத்து என்ன வாங்குவது, காயலான் கடையையா? இதைச் சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். கிரீஸ் நாட்டுக்குக் கிளம்பிவிடுவார். தெஸ்ஸலோனிக்கி நகரத்து டாக்சிக்காரர் ஒருவர் தம்முடைய 1976ஆம் வருஷத்து 240 டி-யில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004இல் மெர்சிடிஸ் கம்பெனிக்கே அதைக் கொடுத்தார்; அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. முழுக்க உண்மை. அந்தப் பயணத்தில் எஞ்சின் பல தடவை மாற்றப்பட்டது என்பதும் உண்மைதான். அந்தப் பகுதி வரும்போது முதலாளிக்கு இருமல் வந்துவிடும்.

பழைய டீசலைக் கிளப்புவதற்கு முன் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் இந்தக் காத்திருப்புக்கு ‘ருடால்ஃப் டீசல் நினைவு நிமிஷம்’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த அந்த மனிதர் 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடு இரவாகக் காணாமல் போனவர். ரிவ்யூ எழுதியவர்கள் அந்த நிமிஷத்தைக் குறையாக எழுதினார்கள். முதலாளி அதில் மூன்று காரியம் முடிப்பார்: விளக்கைப் பார்த்துக் கும்பிடுவது, கண்ணாடியைத் துடைப்பது, பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ருடால்ஃப் டீசல் கதையைச் சொல்வது.

புகழ்ந்து கெட்டவர்களும் நோட்டில் உண்டு. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல் வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அந்த நாட்டுச் சொகுசு மெத்தையும் டீசல் சிக்கனமும் ஒரே வண்டியில் என்று வரவேற்பு. 1980 கேடிலாக் செவிலுக்கு அதையே வழக்கமான எஞ்சினாக வைத்தார்கள். சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் டீசலின் அழுத்தத்துக்குத் தாங்கவில்லை. எண்ணெயில் கலந்த தண்ணீரைப் பிரிக்க ஏற்பாடும் இல்லை. ஹெட் கேஸ்கட் போய், பம்ப் போய், வழக்கு வந்து, 1985இல் கதை முடிந்தது. அமெரிக்காவில் டீசல் கார் என்ற சொல்லே பிறகு வெகுகாலம் கெட்ட வார்த்தையாக இருந்தது. அதே 1978இல் ஐந்து சிலிண்டர் டர்போ டீசலோடு மெர்சிடிஸ் 300 எஸ்.டி. அமெரிக்காவுக்கு வந்தது. எண்ணெய்ச் சிக்கனச் சட்டத்துக்குப் பயந்து அந்த நாட்டுக்கென்றே செய்த வண்டி. இன்னமும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி, நடுவில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்.

உள்ளூர் விஷயத்துக்கு வந்தால் குரல் கொஞ்சம் தாழும். 1980ஐ ஒட்டி வந்த டீசல் அம்பாசடர்தான் இந்தியாவின் முதல் டீசல் கார். 1489 சி.சி., நாற்பதுக்கும் குறைந்த குதிரைத்திறன். அதைச் சொகுசு வண்டி என்று யாரும் எழுதவில்லை. கட்டுப்படியாகும் வண்டி என்றார்கள், அப்படியே நடந்தது. நூற்றுக்கு நூறு. 1995இல் புனேயில் டெல்கோ வளாகத்தில் மெர்சிடிஸ் கார் செய்ய ஆரம்பித்தபோது கொண்டுவந்தது டபிள்யூ 124. ஐரோப்பாவில் அதற்கு அடுத்த மாடல் அதே வருஷம் வந்துவிட்டதால், கழித்துக்கட்டியதை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று இங்கே முணுமுணுப்பு எழுந்தது. இன்றைக்கு அந்த டபிள்யூ 124தான் மெர்சிடிஸ் கடைசியாக உருப்படியாகக் கட்டிய கார் என்று பாதி உலகம் சத்தியம் செய்கிறது. அதன் டீசலான இ 250 டி ஒன்று வேலூர் ரோட்டில் எதிரே வந்துவிட்டால் முதலாளி ஓரம்கட்டி நின்று, போகும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

பென்ஸ் அவரிடம் இல்லை. இருப்பது கான்டெஸா. பிரிட்டனின் வாக்ஸால் காரின் அச்சுகளை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் இறக்கியது. பிற்பாடு இசுஸூவின் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சினும் அதில் வந்தது; 2002இல் நின்றுபோனது. ஆனாலும் பென்ஸோடு தமக்கு உறவு உண்டு என்று முதலாளி நிரூபிப்பார். ஒருமுறை கல்யாணப் புடவை எடுக்க ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு டெம்போ டிராவலர் வேன் கடை வாசலில் வந்து நின்றது. கூட்டத்தைக் கடைக்குள் அனுப்பிவிட்டு இவர் டிரைவரிடம் போனார்.

“தம்பி, நீ ஓட்றது யார் வண்டின்னு தெரியுமா?”

“ஓனர் செய்யார்ல கீறார் மொதலாளி.”

“அதில்லப்பா. பஜாஜ் டெம்போ அந்தக் காலத்துலயே பென்ஸ்கிட்ட லைசன்ஸ் வாங்கி ஓ.எம். 616 இஞ்சின இங்கயே செஞ்சாங்க. உன் வண்டி இஞ்சின் அதோட வம்சம். 240 டி பென்ஸ் கார்ல இருந்தது அதே ஓ.எம். 616. நீ பென்ஸ் ஓட்றடா!”

டிரைவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். “அப்பன்னா கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா ஏத்திக் கேக்கலாமா மொதலாளி?”

எஞ்சின் விஷயம் முழுக்க உண்மை. வாடகையை மட்டும் எவரும் ஏற்றித் தரவில்லை.

இத்தனை பேரின் எழுத்துக்கு மார்க் போடுகிறவர் தம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்தப் பொறுப்பு வீட்டம்மாவுடையது. வயதான ரப்பர் ஹோஸ் ஒன்று கசிந்து, டிக்கியில் போன புடவை மூட்டையெல்லாம் டீசல் வாடை அடித்ததும், வெளியூர்க் கடை ஒன்று மொத்த மூட்டையைத் திருப்பி அனுப்பியதும் குடும்ப வரலாறு.

“ஏங்க, உங்க வெள்ளைக்காரன் எவனாவது டிக்கியில பட்டுப்புடவை வெச்சு ஓட்டிப் பாத்தானா?”

முதலாளி யோசித்தார். அன்றிரவு பெட்டிகளையெல்லாம் இறக்கிப் பார்த்தார். டிக்கியில் எத்தனை சூட்கேஸ் கொள்ளும் என்று அளந்திருந்தார்கள், கோல்ஃப் மட்டை வைக்கலாமா என்று பார்த்திருந்தார்கள். பட்டு வைத்து எவரும் பார்க்கவில்லை. நோட்டில் வீட்டம்மாவுக்கு நூறு மார்க் விழுந்தது. புடவை மூட்டை அன்றிலிருந்து பார்சல் ஆபீஸ் வழியாகப் போகிறது. ஆரணி ரோடு என்று பெயர் வைத்த ரயில் நிலையம் ஊருக்குள் இல்லாமல் களம்பூர்ப் பக்கம் இருப்பதால்தான் கார் வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லிவந்த காரணமும் அத்தோடு போயிற்று.

எஃப்.சி. விஷயத்திலும் இப்படியே ஒத்துக்கொண்டார். பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபோது, கிரீன் டாக்ஸும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்து, “அரசாங்கமும் ஒரு ரிவ்யூ எழுதிடுச்சு” என்றார். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்ததையும் நோட்டில் எழுதியிருக்கிறார். எழுத்து சற்றுச் சிறியது. பழைய ரிவ்யூக்காரர்கள் நாற்றம் என்று எழுதியது சும்மா மூக்குச் சுளிப்பு அல்ல என்பது என் கட்சி. இதில் முதலாளிக்கு நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இருபது வருஷச் சட்டத்தை அவர் மீறியது ஒரே தடவை. 2009, 2010 இரண்டு வருஷமும் அமெரிக்காவில் பசுமைக் கார் விருது வாங்கியவை டீசல் கார்கள்: ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, அடுத்தது ஆடி ஏ-3. புகைச் சோதனையில் மட்டும் ஒழுங்காக நடக்கும்படி மென்பொருளில் தில்லுமுல்லு செய்தது 2015இல் வெளிப்பட்டு, விருதுகளும் போயின. அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார்: “இருபது வருஷம் தேவைப்படல. ஆறு தண்ணியில சாயம் போயிடுச்சு.”

ஆரணிக்குப் புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டீசல் காரில் போனால் வண்டியை அவர் கடை வாசலிலேயே நிறுத்துங்கள், விலையில் நிச்சயம் குறைப்பார். ஆனால் முகூர்த்தம் அன்றைக்கே என்றால் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.