மைசூரு தசராவும் பத்து நிமிட இறையிலியும்: டிஹெச்சிபி சாசனங்கள் பற்றி ஓர் ஆய்வு

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு இடம் மாறியதும், அங்கே சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அறிஞர் அறிந்தவையே. அலமாரிகள் காலியானால் அவற்றில் எதை வைப்பது என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. ‘டிஹெச்சிபிடி.லீசஸ்’ என்னும் கோப்பை அச்சிட்டு வைக்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒரு வலையமைப்பில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எவ்வளவு காலத்துக்கு வழங்கப்பட்டது என்று சர்வர் தன் கையால் எழுதிவைக்கும் கொடை ஆவணம் அது.

கிடைத்த இடம்: மைசூரு பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு விடுதி. வரவேற்பு மேசைக்கு அடியில், செருப்புப் பலகையை ஒட்டி, உபுண்டு ஓடும் பழைய கணினி ஒன்று. திரை இல்லை, மவுஸ் இல்லை. எஸ்எஸ்ஹெச் வழியாக டெர்மினலுக்குள் புகுந்துதான் படிக்க வேண்டும். களப்பணி என்றால் வெயிலில் ஏணி வைத்துக் கோபுரத்தில் ஏறுவதே என்று கருதும் மூத்த ஆய்வாளர்கள் இதைக் குறைவாக மதிக்கலாம். ‘சூடோ’ என்று தொடங்கி, நீண்ட கோப்புப் பாதையை ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்துப் பார்த்தவர்கள் ஏணியே மேல் என்பார்கள்.

கொடை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளே நுழையும் கைபேசிக்கு ஊருமில்லை, பேருமில்லை, 0.0.0.0 என்று தன்னை அறிவித்து, 255.255.255.255-ஐ நோக்கி, அதாவது காது உள்ள எல்லோரையும் நோக்கிக் கூவுகிறது. சர்வர் ஒரு முகவரியைக் காட்டுகிறது. கைபேசி அதையே வேண்டுகிறது. சர்வர் ‘தந்தேன்’ என்கிறது. ரால்ஃப் டிராம்ஸ் 1993-இல் வகுத்து 1997-இல் ஆர்எஃப்சி 2131 என்று திருத்தி வெளியிட்ட இலக்கணம் இது. பரிசிலுக்குப் போன புலவர்களுக்கு, எந்த அரசனிடம் போகிறோம் என்றாவது தெரிந்திருந்தது.

அரசன் என்றதால் மெய்க்கீர்த்தியைத் தேடினோம். அமைப்புக் கோப்பில் இருக்கிறது, ஒரே சொல்லாக: ‘அத்தாரிடேட்டிவ்’. ‘இந்நிலத்துக்கு அதிகாரம் உடையவன் யானே’ என்று பொருள் கொள்க. இச்சொல் இருந்தால், வேறோர் ஊரின் முகவரியைப் பிடித்துக்கொண்டு வருபவனைச் சர்வர் மறுத்துத் திருப்பி அனுப்பும். இல்லாவிட்டால் அத்தகையவனிடம் வாய் திறக்காது. மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பில் இச்சொல்லுக்கு முன்னே ஒரு ‘ஹாஷ்’ குறி போட்டு முடக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அடக்கமான மெய்க்கீர்த்தியைச் சோழரிடமோ உடையாரிடமோ காண முடியாது.

சாசனத்தின் வாசகம் எங்கும் ஒரே வாய்பாடு: நிலம் (192.168.1.117 என்பது போல), தொடக்கம், முடிவு, பெற்றவரின் மேக் எண், ஈற்றில் பட்டப்பெயர். பட்டப்பெயர்களில் ‘ரெட்மி’, ‘கேலக்ஸி’ என்னும் இரு குடிகளே மிகுதி. மேக் எண்ணை நம்பி வம்சாவளி எழுத வேண்டாம். 2019-இன் ஆண்ட்ராய்டு 10, 2020-இன் ஐஓஎஸ் 14 முதற்கொண்டு கைபேசிகள் வைஃபைக்கு வைஃபை ஒரு பொய் எண் சொல்லப் பழகிவிட்டன. புனைபெயரில் பிரம்மதேயம் வாங்கியவர்கள் இவர்களே முதலாக இருக்க வேண்டும்.

காலக்கணிப்புதான் சிக்கல். ஒரு பதிவு ‘4 2024/10/03 22:50:10’ என்கிறது. முன்னே நிற்கும் 4 கிழமை. ஞாயிறு 0 என்று எண்ணினால் வியாழன். அன்று தசரா தொடக்க நாள். தேதியும் கிழமையும் ஒத்துப்போவதால், 1922-இல் வெளியான எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க நூலால் கல்வெட்டுகளின் காலத்தைச் சரிபார்த்த மரபில் வந்தவர் அகமகிழ்வார். ஆனால் சர்வர் கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது. ஐந்தரை மணி கூட்டினால், இரவுப் பேருந்தில் வந்த அந்த விருந்தாளி வைஃபை பெற்றது வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.20-க்கு. ஆக, வியாழன் என்பாரும் வெள்ளி என்பாரும் இரு கட்சியாகப் பிரிய இடமுண்டு. இதில் கொடுமை, கிழமையை எழுதும் சர்வரே திரும்பப் படிக்கையில் அதைப் பொருட்படுத்துவதில்லை. மனிதர் வசதிக்காக மட்டும் எழுதுகிறதாம்.

இனி ஆய்வின் நடுநாயகமான கால எல்லை. நம் அரசர்கள் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கொடுத்தார்கள். மாதிரிக் கோப்பின் கொடையோ 600 வினாடி. பத்து நிமிடம், அதிலும் பாதி கழிந்ததும் பெற்றவர் வந்து புதுப்பிக்க வேண்டும். சந்திராதித்தர் வழக்கு இங்கும் உண்டு: 4294967295 என்று எழுதினால் ‘என்றென்றும்’ என்று பொருள். அதை வினாடியாகக் கணக்கிட்டால் சுமார் 136 ஆண்டு வருகிறது. இவர்களுடைய சூரியனுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

பத்து நிமிடம் கஞ்சத்தனம் என்று எண்ணிய ஒரு வள்ளல், விடுதி உரிமையாளரின் மைத்துனர் மகன், அதை 691200 ஆக்கினார், எட்டு நாள். விண்டோஸ் சர்வரில் இயல்பாக உள்ள அளவே இது, அலுவலகத்துக்குப் பொருந்தும். விடுதியிலோ 100 முதல் 150 வரை 51 முகவரிகள். தசராவுக்கு வந்தவர்கள் அரண்மனை விளக்கைப் பார்த்துவிட்டு மறுநாளே ஊட்டிக்குப் போனார்கள். முகவரி மட்டும் அவர்கள் பேரில் எட்டு நாள் தங்கியது. மூன்றாம் நாள் பதிவேட்டில் ‘நோ ஃப்ரீ லீசஸ்’ என்ற ஒப்பாரி வரிவரியாக ஓடியது. நிலையான கொடைகளால் நிலம் தீர்ந்துபோவதை வரலாற்றாசிரியர்கள் நூற்றாண்டுகளில் தேடுகிறார்கள். இங்கே அது மூன்று நாளில் நடந்தது.

எண்ணைத் திருத்தி, ‘டிஹெச்சிபிடி’ கட்டளைக்கு ‘மைனஸ் டி’ சேர்த்துப் பிழை பார்த்து (ஒரு செமிகோலன் விட்டுப்போனால் வரி எண்ணோடு சுட்டிக்காட்டும், இந்தக் கறார் பல பதிப்பாசிரியர்களிடம் இல்லை), சர்வரை மறுபடி தொடங்கினோம். பயனில்லை. முன்பு கொடுத்தது கொடுத்ததே. சர்வரை நிறுத்திவிட்டுச் சாசனத்திலிருந்து பழைய கொடைகளை வெட்டலாம்தான். ஆனால் கொடையை அழிப்பவருக்குச் சாசனங்கள் சொல்லும், கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் நினைவுக்கு வந்ததால், எல்லையை 250 வரை நீட்டியதோடு நின்றோம். “இதுக்கா சார் இவ்வளவு நேரம்?” என்றார் உரிமையாளர்.

இக்கொடையில் அரசரிடம் காணாத ஒரு பெருந்தன்மையும் உண்டு. காலம் முடிந்த பிறகும் சர்வர் பெயரை அழிப்பதில்லை; அதே கைபேசி மறுபடி வந்தால், இடையில் வேறெவருக்கும் போகாதிருந்தால், பழைய முகவரியையே தருகிறது.

இம்மரபு மறைந்துவருகிறது. இதைப் பேணிய ஐஎஸ்சி நிறுவனம் 2022-இல் பராமரிப்பை நிறுத்தி, நியூசிலாந்துக் கிளியின் பெயர் கொண்ட ‘கீ’ என்னும் மென்பொருளுக்கு மாறச் சொல்லிவிட்டது. கீயின் சாசனம் காற்புள்ளி இட்ட எண் வரிசை. கிழமை கிடையாது, காலமெல்லாம் 1970 முதல் எண்ணிய வினாடி. மேற்கண்ட விருந்தாளியின் நேரம் அக்கணக்கில் 1727995810. அதை ‘டேட்’ கட்டளையிடம் கொடுத்தால், இந்திய நேரத்தில் வெள்ளிக்கிழமை என்று உடனே சொல்லிவிடுகிறது. இரண்டு கருத்தரங்குக்குத் தாங்கக்கூடிய சச்சரவு ஒரே வரியில் முடிந்துபோகிறது. ஆகவே கீயை இவ்வாய்வாளரால் பரிந்துரைக்க இயலவில்லை.